மேடையில் ஐந்து தொலைபேசிகள்

பனிமலை அடிவாரத்து எங்கள் ஃப்ரூன்சே நகரில் முதல் மின்சாரக் கித்தார் எங்கே, எப்போது ஒலித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பல்கலைக்கழக விடுதி என்பான் ஒருவன், விமானப்படைக் குடியிருப்பு என்பான் இன்னொருவன். சொல்லிக்கொள்ளட்டும். நான் கேட்டது 1971ஆம் ஆண்டு ஏப்ரலில். அதுவும் கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டு கேட்டேன்.

என் பெயர் புருல். அப்போது இருபத்து நான்கு வயது. நகரத் தொலைபேசி நிலையத்தில் மெக்கானிக் வேலை. அதற்கு முன்னால் மூன்று வருடம் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாளைக்கு எட்டு மணி நேரம் "இணைக்கிறேன், காத்திருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து கம்பத்தில் ஏற நான் எழுதிய மனுக்கள் பதினான்கு. கடைசியில் என் தொல்லை தாங்காமல்தான் ஷாப்தான் பாய்கே கையெழுத்துப் போட்டார்.

ஷாப்தான் பாய்கே (பாய்கே என்றால் எங்கள் மொழியில் அண்ணன்) எங்கள் பிரிவுத் தலைவர். போரில் சிக்னல் படையில் இருந்தவர். கம்பிச் சுருளை முதுகில் கட்டிக்கொண்டு பனியில் ஊர்ந்த மனிதர். இடது காது அங்கேயே போய்விட்டது. ஆனாலும் எந்தத் தொலைபேசியாவது வேலை செய்யவில்லை என்றால் அந்தச் செவிட்டுக் காதுக்குக்கூட எப்படியோ கேட்டுவிடும்.

அந்த ஏப்ரலில் என் வட்டாரத்தில் ஐந்து பொதுத் தொலைபேசிகள் கெட்டுப்போயின. விசித்திரமான கேடு. இரண்டு கோபெக் காசு போட்டால் எண் சுழலும், இணைப்புக் கிடைக்கும், நாம் பேசுவது மறுமுனைக்குப் போகும். மறுமுனை பேசுவது மட்டும் நமக்கு வராது. ஓஷ் பஜார் வாசலில் ஒரு பெண் தன் கணவனைப் பத்து நிமிடம் வறுத்தெடுத்துவிட்டு முகம் மலர்ந்து வெளியே வந்தாள். "கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல இன்னைக்குத்தான் எதிர்த்துப் பேசாம கேட்டான்" என்றாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரிசீவரைத் திறந்து பார்த்தேன். காதுப் பக்கம் உள்ளே ஒரு வில்லை இருக்க வேண்டும். காந்தம், கம்பிச் சுருள், அதன் மேல் மெல்லிய இரும்புத் தகடு, எல்லாம் சேர்ந்து ஒரு ரூபிள் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதைக் காணவில்லை. ஐந்திலும் காணவில்லை. திருடியவன் வயரை அறுக்கவில்லை, மூடியை உடைக்கவில்லை. அழகாகக் கழற்றி, திரும்ப இழை மாறாமல் திருகி வைத்திருந்தான். நல்ல தாய் வளர்த்த திருடன்.

"கிடங்கில மாத்து இல்ல" என்றார் ஷாப்தான் பாய்கே. "ஜூன்லதான் வரும். மே ஒண்ணாம் தேதி ஊரே சொந்தக்காரங்களுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல்லும். அதுக்குள்ள அஞ்சும் பேசணும்."

"எங்கேர்ந்து கொண்டு வர்றது பாய்கே?"

"போன இடத்துலேர்ந்து. உன் வட்டாரம், உன் வில்லை. முடியலன்னா ஹெட்போன் அங்கயேதான் இருக்கு, யாரும் எடுத்துட்டுப் போகல."

அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. கம்பத்தின் மேலிருந்து பார்த்தால் ஊரும் அதற்குப் பின்னால் பனிமலையும் தெரியும். ஹெட்போன் நாற்காலியிலிருந்து பார்த்தால் எதிரே பச்சைச் சுவர்தான் தெரியும். எனக்கு அந்தச் சுவர் வேண்டாம், அவ்வளவுதான்.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி, மதியம். கலப்பைத் தொழிற்சாலையின் பண்பாட்டு மாளிகைக்கு எதிரே, கால்வாயோரக் கம்பத்தில் ஒரு இணைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அப்போது மாளிகையின் நிலவறை ஜன்னலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மின்கம்பியை மிதித்துவிட்ட குதிரை வலியில் கனைக்கப் போய், பாதியில் அது தனக்கே பிடித்துப்போய்ப் பாட ஆரம்பித்தால் எப்படி இருக்கும், அப்படி. கையிலிருந்த குறடு நழுவிக் கால்வாயில் விழுந்தது. அதை எடுக்கக்கூட நிற்காமல் இறங்கி ஓடினேன்.

நிலவறையில் மூன்று பேர் இருந்தார்கள். டிரம்ஸுக்குப் பின்னால் கொரிய வீட்டுப் பையன் அப்பொலோன் கிம். பெரிய கித்தாரோடு ஜெர்மன்காரன் வில்லி. நடுவில், அலமாரிக் கதவை அறுத்துச் செய்த ஒரு சிவப்புக் கித்தாரை மாட்டிக்கொண்டு நின்றான் மெலிஸ். மூவரும் அந்தத் தொழிற்சாலையின் ஆட்கள்தான். கித்தாரிலிருந்து போன வயர் பழைய சினிமா புரொஜக்டரின் ஆம்ப்ளிஃபையரில் சேர்ந்தது. கித்தாரின் வயிற்றில், கம்பிகளுக்கு அடியில், வரிசையாக மூன்று வில்லைகள். பெரிய கித்தாரில் இரண்டு.

தோளில் கொக்கி, இடுப்பில் பெல்ட், முகத்தில் கோபம் என்று நான் வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்து வில்லி கித்தாரைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அவன் முதுகைவிட அகலமான கித்தார்.

"மூணும் ரெண்டும் எத்தனைடா?" என்றேன்.

"அக்கா, நாங்க கடனாத்தான் எடுத்தோம்" என்றான் மெலிஸ்.

"யார்கிட்ட கேட்டு?"

"போன்லயே கேட்டோம். பதில் வரல." இது கிம்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கையை நீட்டினேன். மெலிஸ் மறுபேச்சில்லாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். "ஒரு தொழில்நுட்பப் பத்திரிகையில படம் போட்டிருந்தான்கா. அதப் பாத்துத்தான் செஞ்சேன். எட்டு மாசம் இழைச்சேன். முப்பதாம் தேதி நகரப் போட்டி. அதுல தேறினாத்தான் இந்த அறை எங்களுக்கு. இல்லன்னா இதையும் அக்கார்டியன் குழுவுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"என்ன பாட்டு?"

அவர்களே எழுதிய பாட்டு. தோ-அஷூ கணவாயில் ஆப்பிள் ஏற்றி இறங்கும் லாரிக்காரனின் பாட்டு. 'மலையே, கொஞ்சம் ஒதுங்கி நில், என் வண்டியில் பிரேக் இல்லை' என்று வரும். போட்டிக் குழுத் தலைவி ரயீஸா இல்யீனிச்னா அதைப் 'போக்குவரத்துத் தொழிலாளர் குறித்த பாடல்' என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனை, வாசிப்பவர்களின் இடுப்பு அசையக் கூடாது.

"வாசிங்க, பாக்கலாம்" என்றேன். பார்த்துவிட்டுக் கழற்றிக்கொண்டு போவதுதான் என் திட்டம்.

வாசித்தார்கள். மாடியில் நூலகம் இருந்ததால் சத்தத்தைக் கால்வாசிக்கு மேல் வைக்க முடியாது. இடையிடையே கித்தார் காரணமில்லாமல் ஊளையிட்டது. அதுவும் பாட்டில் சேர்த்திதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்தபோது என் கால் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம், கடமை ஒரு பக்கம் கிடந்தது.

"முப்பதாம் தேதி எத்தனை மணிக்கு?"

"ரெண்டுக்கு."

"முடிஞ்ச அஞ்சாவது நிமிஷம் எல்லாம் என் பையில இருக்கணும். சாயங்காலத்துக்குள்ள அஞ்சு போன் கூண்டையும் நான் சரிபண்ணணும். எவனாவது வாக்குத் தவறினா, கம்பத்துல ஏத்திக் கட்டிடுவேன்."

மெலிஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தோள் வலித்தது. வெளியே வந்து கால்வாயில் குறட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. நாலு நாள், வெறும் நாலு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முப்பதாம் தேதி கருவிப்பையோடு போட்டி மண்டபத்துக்குப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு இருமல். எனக்கு அந்த இருமல் தெரியும். நான்காவது வரிசையில், பதக்கங்கள் குத்திய கோட்டோடு, நல்ல காதை மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார் ஷாப்தான் பாய்கே. போர்வீரர்களுக்கு அழைப்பாம்.

"நீ இங்க என்ன பண்ற?" என்றார்.

"பாட்டுக் கேக்க வந்தேன் பாய்கே."

"வில்லை?"

"சாயங்காலம் கிடைச்சிரும்."

"யார் சொன்னா?"

"திருடனே சொன்னான்" என்றேன். பொய் சொல்லவில்லை. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மேடைக்குத் திரும்பினார்.

பால் பண்ணைப் பெண்களின் கூட்டுப்பாடல், தையல் தொழிற்சாலை நடனம், அக்கார்டியன்கள் ஒன்பது. எல்லாம் முடிந்து இவர்கள் வந்தார்கள். மூவருக்கும் ஒரே அளவுக் கோட்டு. கிம்முக்குத் தொளதொள, வில்லிக்கு முழங்கையோடு நின்றுவிட்டது. மெலிஸ் ஆம்ப்ளிஃபையரை முதன்முதலாகக் கடைசிவரை திருகினான். கித்தாரில் கையை வைத்தான்.

அந்த ஒரு அடியில் மண்டபத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எண்ணூறு பேரும் ஒரே நேரத்தில் முதுகை நிமிர்த்தினார்கள். இரண்டாவது அடி, மூன்றாவது அடி, பிறகு ஒன்றுமில்லை. மெலிஸின் விரல் ஓடுகிறது, சத்தம் இல்லை.

அவன் வயரை ஆட்டினான். ஒன்றுமில்லை. கூட்டத்தில் முனகல் எழுந்தது. ரயீஸா இல்யீனிச்னா தன் மேசையிலிருந்து கையைத் தட்டி, "சரி, அது போதும். ஒரு அக்கார்டியன் வாங்கிட்டு அதுல வாசிங்க" என்றார்.

என்ன ஆயிற்று என்று எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. முதல் வில்லையை வயரோடு சேர்க்கும் பற்று விட்டிருக்கும். முடி கனத்துக் கம்பி, சின்னப் பற்றவைப்பு, மூன்று நிமிட வேலை. நான் எழுந்து மேடைக்குப் போனால் எதைப் பற்றவைத்தாய் என்று பின்வரிசைக் கேள்வி வரும். எழாவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வில்லைகள் பைக்குள் வரும், மெக்கானிக் வேலை நிலைக்கும். மெலிஸ் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எட்டு மாதம் இழைத்தவன் வாயைத் திறந்து ஒரு உதவி கேட்கவில்லை.

பையை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினேன்.

"யார் நீ?" என்றார் ரயீஸா இல்யீனிச்னா.

"தொழில்நுட்பம்" என்றேன். அந்தச் சொல்லை எதிர்த்து எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை.

சாலிடரிங் இரும்பை மேடை பிளக்கில் செருகினேன். அது சூடாக நேரமாகுமே. கிம்மைப் பார்த்து, "அதுவரைக்கும் ஏதாவது தட்டுடா" என்றேன்.

"எதைக்கா?"

"முன்னால இருக்கறத."

தட்டினான். முதலில் பயந்து பயந்து, பிறகு வேகமாக, அப்புறம் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு. குதிரைப் பந்தயம் ஒன்று மண்டபத்தைச் சுற்றி வந்து, வாசல் வழியே போய், திரும்ப உள்ளே வந்தது. ஜனம் கைதட்டிக் கூடவே ஓடியது. எங்கள் ஊரின் முதல் தனி டிரம்ஸ் வாசிப்பு ஒரு சாலிடரிங் இரும்பு சூடாவதற்காகப் பிறந்தது. இதை எந்தப் புத்தகத்தில் எழுதுவார்கள்?

கிம் களைத்து நிறுத்தவும் நான் கம்பியைத் தொட்டு வைக்கவும் சரியாக இருந்தது. மண்டபம் அமைதியானது. நானும் மெலிஸும் மண்டியிட்டு, கித்தார் மேல் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தோம். பற்று ஆறட்டும் என்று ஊதினேன்.

"பதக்கம் குத்தினவர் ஒருத்தர் உங்ககூடப் பேசிட்டிருந்தாரே, அவர்தான் உங்க தலைவரா? எங்கக்கா இருக்கார்?" என்று மெலிஸ் கிசுகிசுத்தான்.

"நாலாவது வரிசை. தலையத் தூக்காத."

"அவருக்குத் தெரிஞ்சா?"

"இதுக்குள்ள அவரோட போன் மூணு இருக்குன்னு தெரிஞ்சா, எனக்கு வேலை போகும், உனக்குத் தோல் உரியும். ரெண்டு பேரும் பஜார்ல சம்சா விக்க வேண்டியதுதான்."

"எனக்கு சம்சா சுடத் தெரியாதே."

"நான் சுடறேன். நீ கூவு."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. கிம் ஏதோ சேட்டை செய்கிறான் என்று நினைத்தேன். "எதுக்குடா சிரிக்கறாங்க?" என்றேன். 'எதுக்குடா சிரிக்கறாங்க' என்று என் குரல், மாட்டு வண்டி அளவுக்குப் பெருத்து, மண்டபத்தைப் பார்த்து நின்ற இரண்டு ஒலிபெருக்கியிலும் வந்தது.

அட மண்டு. காதில் வைத்துக் கேட்கிற வில்லை கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். அதன் தகட்டுக்கு முன்னால் வாயை வைத்துப் பேசினால் அதுவே மைக். பேசும் பக்கம் கெட்டுப்போன ரிசீவர்களில் நானே எத்தனையோ முறை கேட்கும் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தியிருக்கிறேன். தொலைபேசி மெக்கானிக் புருல், தகட்டோடு கிடந்த மூன்று வில்லைகளின் மேல் குனிந்து, எண்ணூறு பேர் காதில் தன் ரகசியத்தை ஓதியிருக்கிறாள்.

ஷாப்தான் பாய்கே எழுந்து நின்றார். சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது.

"புருல்."

"சொல்லுங்க பாய்கே." இதுவும் ஒலிபெருக்கியில்.

"மூணா, அஞ்சா?"

"அஞ்சு. ரெண்டு அந்தப் பெரிய கித்தார்ல."

வில்லி மறுபடியும் அதை ஒளிக்கப் பார்த்தான். பாய்கே நல்ல காதை மேடைப் பக்கம் திருப்பினார். பச்சைச் சுவர் கண் முன்னால் வந்து நின்றது.

"மூடியத் திருகித் தகட்ட எடு" என்றார். "தகடு இருந்தா பேச்சையும் கேக்கும், ஊளையும் போடும். இரும்புக் கம்பிக்கு நேரா காந்தம் மட்டும் போதும். இதுகூடத் தெரியாமலா உன்ன கம்பத்துல ஏத்தினேன்?"

"இதோ எடுக்கறேன் பாய்கே."

"எத்தனை பாட்டு?"

"மூணு."

"மூணு பாட்டு. ஆறு மணிக்கு என் போன் அஞ்சும் பேசணும்." உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்தவரிடம், தான் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார், "பற்று நல்லா வச்சிருக்கா."

தகடுகளை எடுத்தேன். மெலிஸ் எழுந்து வாசித்தான். ஐயோ, அந்தச் சத்தம். ஊளை போயிருந்தது, கரகரப்புப் போயிருந்தது. பனி உருகி முதல் தண்ணீர் கால்வாயில் வரும் நாளில் எப்படி வருமோ அப்படிச் சுத்தமாக வந்தது. மலை ஒதுங்கி நிற்க வேண்டிய இடத்தில் எண்ணூறு பேரும் சேர்ந்து பாடினார்கள், அந்தப் பாட்டை அதற்கு முன் ஒரு தடவைகூடக் கேட்டிராதவர்கள். பால் பண்ணைப் பெண்கள் நடைபாதையில் இறங்கி ஆடினார்கள். மெலிஸின் இடுப்பு அசைந்தது. ரயீஸா இல்யீனிச்னா அதைக் குறிப்பேட்டில் எழுதினார். மறுபடி அசைந்தது, மறுபடி எழுதினார். மூன்றாம் பாட்டில் எண்ணிக்கை தவறி, பேனாவை மூடி வைத்துவிட்டார்.

முடிந்ததும் மெலிஸே வில்லைகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். தகடுகளைப் பொருத்தி மூடினேன். ஓட்டையும் வயருமாக நின்ற கித்தாரை அவன் துணியில் சுற்றினான். இன்னொரு முறை எப்போது? யாருக்குத் தெரியும். ஆனால் மூன்று பேரும் என்னோடு கூண்டு கூண்டாக வந்தார்கள். ஒருவன் கருவிப்பை பிடித்தான், ஒருவன் மூடி திருகினான். கிம் கூண்டின் கண்ணாடியில் தாளம் போட்டான். ஆறு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது ஐந்தும் பேசின.

மறுநாள் விழா ஊர்வலம் முடிந்து பதினோரு மணிக்கு நிலையத்துக்குப் போனேன். விசாரணைப் பிரிவில், தகவல் எண் 09ஐ எடுக்கும் பெண்கள் என்னைக் கொன்றுவிடுவது போலப் பார்த்தார்கள்.

"காலையிலேர்ந்து அறுபத்து மூணு போன்" என்றாள் ஒருத்தி. "எல்லாருக்கும் ஒரே கேள்வி. போன் கித்தார்க்காரங்க மறுபடி எப்ப வாசிப்பாங்க? நாங்க என்ன டிக்கெட் கவுண்டரா?"

ஷாப்தான் பாய்கே அங்கேதான் நின்றிருந்தார், கையில் ஒரு ரிசீவர். "இதுலயும் ஒருத்தன் அதான் கேக்கறான். ஒரு தேதி சொல்லு" என்றார் என்னிடம்.

"கித்தார்ல காது இல்லையே பாய்கே. எல்லாத்தையும் கூண்டுல மாட்டிட்டேனே."

"தேதியச் சொல்லு. காது என் பாடு. ராணுவக் கிடங்குல இன்னும் எனக்கு ஆளு இருக்கு."

எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒம்பதாம் தேதி" என்றேன். அவர் அதை ரிசீவரில் சொன்னார். மறுமுனை இன்னும் ஏதோ கேட்டது. அவர் நல்ல காதுக்கு மாற்றிக் கேட்டார்.

"எந்தப் பொண்ணு? சூட்டுக்கோல் வச்சிருந்தவளா?" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "வருவா, வருவா. அவ எங்க மெக்கானிக்."